படிகாரத் தொட்டியும் என் அத்தானும்

என் அத்தானிடம் முழுசான சட்டை என்று ஒன்றுகூட இருந்ததில்லை. நெஞ்சுப் பக்கம் கடுகளவு ஓட்டை, முழங்கைப் பக்கம் மிளகளவு ஓட்டை. புதுச் சட்டை போட்டுக்கொண்டு வேலைக்குப் போனால் சாயங்காலம் அதுவும் சல்லடையாகத் திரும்பி வரும். துவைக்கும்போது அக்கா அதை வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்து, "உங்க அத்தானுக்கு உடம்பெல்லாம் ஜன்னல் வேணுமாம்" என்பாள். ஆசிட் ஒரு துளி தெறித்தால் போதும், துணி அதோடு சரி. அவர் வேலை அப்படி.

அவர் படிகாரத் தண்ணி தயாரிக்கும் தொழிற்சாலையில் தொட்டிக்காரராக இருந்தார். சரியாகச் சொன்னால் அது அலுமினியம் சல்பேட் கரைசல். படிகாரம் வேறு, இது வேறு. வேதியியல் படித்தவள் என்ற திமிரில், வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் இதைச் சொல்லி எல்லோரையும் திருத்தப் பார்த்தேன். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. இரண்டாம் வாரத்திலிருந்து நானும் படிகாரத் தண்ணி என்றே சொல்ல ஆரம்பித்துவிட்டேன். காகித ஆலை, சாயப்பட்டறை, குடிநீர் நிலையம் என்று எல்லோரும் லாரி அனுப்பி வாங்கிப் போவார்கள். கலங்கிய தண்ணீரில் அதைக் கொஞ்சம் விட்டால் போதும், சேறெல்லாம் திரண்டு அடியில் போய் உட்கார்ந்துகொள்ளும்.

அந்தக் காலம் பொற்காலம் என்றெல்லாம் நான் சொல்லமாட்டேன். மூக்கு எரியும், தொண்டை வறளும். இப்போது எல்லாவற்றையும் அளக்க மெஷின் வந்துவிட்டது, ரொம்ப நல்லது. ஆனால் அத்தான் தொட்டியோரம் நின்ற அந்த நாட்களை நினைத்தால் மட்டும் எனக்கு நெஞ்சு இளகிவிடுகிறது. அதை மறைத்து என்ன ஆகப்போகிறது?

உள்ளே ஈயத்தகடு அடித்த மூன்று பெரிய தொட்டிகள். முதலில் தண்ணீர். அதில் அலுமினா மாவைக் கொட்டுவார்கள். கோலிக்குண்டு விட்டு ஆடினால் உருளாத அளவுக்கு அந்தக் கூடத்துத் தரை முழுக்க வெள்ளையாகப் படிந்து கிடக்கும். அப்புறம் ஆசிட். அத்தான் ஆசிட் குழாயைத் திறப்பது தூங்குகிற குழந்தையின் கைக்குள் இருந்து பொம்மையை உருவுவது போல இருக்கும், அவ்வளவு மெதுவாக. அடியில் நெருப்பே இல்லாமல் தொட்டி தானாகச் சூடாகும். முதலில் முணுமுணுக்கும், அப்புறம் கடகடவென்று கொதிக்கும். அத்தான் தலையைச் சாய்த்துக் கேட்டபடி நிற்பார். "பேச ஆரம்பிச்சுட்டா" என்பார். மீட்டரைப் பார்ப்பதற்கு முன்னாலேயே அவருக்கு எல்லாம் தெரிந்துவிடும்.

தொட்டியை அவர் 'அவள்' என்று சொல்லப்போய், அக்கா அதற்குச் சக்களத்தி என்றே பெயர் வைத்துவிட்டாள். அவர் சாயங்காலம் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே, "என்ன, என் சக்களத்தி எப்படி இருக்கா?" என்று உள்ளேயிருந்து குரல் வரும். "உன்னை மாதிரிதான். கொதிச்சுட்டே இருக்கா" என்பார் அவர். இரண்டு பேரும் சிரிப்பார்கள். சின்ன வீடு. ஒரு கூடம், ஒரு அறை, ஒரு அடுக்களை. அம்மா அப்பா போன பிறகு நான் அந்தக் கூடத்து மூலையில்தான் பாய் விரித்துப் படித்தேன், தூங்கினேன், வளர்ந்தேன். அந்த வீட்டை விட்டால் எனக்கு வேறு போக்கிடம் கிடையாது.

படிப்பு முடிந்ததும் தொழிற்சாலை லேபில் ஆள் வேண்டும் என்று கேள்விப்பட்டு அத்தான்தான் மேனேஜரிடம் போய் நின்றார். அதுவரை அவர் யாரிடமும் எதற்கும் போய் நின்றதில்லை. மேனேஜர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "ஒரு வருஷம் பார்ப்பேன். நடுவுல ஒரு தப்பு வந்தாலும் வீட்டுக்குத்தான்" என்றார்.

லேப் என்றால் தொட்டிக் கூடத்தை ஒட்டிய ஒரு அறை, ஒரு ஜன்னல், ஒரு மேஜை. என் வேலை இதுதான்: கொதித்து முடிந்த கரைசல் கெட்டியாக இருக்கும். அத்தான் தண்ணீர் விட்டு விட்டு அதை இளக்குவார். ஒவ்வொரு முறை தண்ணீர் விட்டதும் இருபது நிமிடம் கலக்கியை ஓட்ட வேண்டும். அப்புறம் நீளக் கைப்பிடி போட்ட குவளையைத் தொட்டியின் நடுவில் இறக்கி ஒரு சாம்பிள் எடுத்து என்னிடம் கொண்டுவர வேண்டும். நான் அதைக் கண்ணாடிக் குடுவையில் ஊற்றி, குளிர்ந்த தண்ணீரில் வைத்து ஆறவிட்டு, அதில் மிதவையைப் போடுவேன். மிதவையின் தண்டில் ஒரு சிவப்புக் கோடு. கரைசல் கெட்டியாக இருந்தால் கோடு மேலே தூக்கி நிற்கும். பதம் வந்துவிட்டால் கோடு கரைசலைத் தொட்டுக்கொண்டு நிற்கும். தொட்டதும் 'சரி' என்று சீட்டு எழுதிக் கொடுப்பேன், அத்தான் தண்ணீர்க் குழாயை மூடுவார்.

இதில் ஒரே ஒரு சங்கதியை மறக்கக்கூடாது. சாம்பிள் ஆறியிருக்க வேண்டும். சூடான கரைசலில் மிதவை கொஞ்சம் கூடுதலாக முழுகும். கெட்டியான கரைசலும் பதம் வந்தது போல நடிக்கும். அதை நம்பித் தண்ணீரை நிறுத்தினால், கரைசல் குளிர்ந்ததும் தொட்டிக்குள்ளேயே உறைந்து கல்லாகிவிடும்.

வீட்டில் என்னை வா, போ என்பவர், தொழிற்சாலையில் மேடம் என்றுதான் கூப்பிடுவார். சாம்பிளை மூடி போட்டு எடுத்துக்கொண்டு வந்து அரைக்கதவைத் தட்டுவார். "மேடம், பரீட்சைக்கு வந்திருக்கா. பார்த்து மார்க் போடுங்க." கோடு மேலே நின்றால் நான் உதட்டைப் பிதுக்குவேன். "ஃபெயில் அத்தான்." "வீட்டுக்கு வா, உன்னைக் கவனிச்சுக்கறேன்" என்று முறைத்துவிட்டுப் போவார். வீட்டுக்குப் போனால் எனக்கும் சேர்த்து அவரே டீ போட்டுத் தருவார்.

சேர்ந்து ஒன்பதாவது மாதம் அது நடந்தது. ஆற்றின் மேல்பக்கம் நல்ல மழை. தண்ணீர் செம்மண் குழம்பாக வந்துகொண்டிருந்தது. குடிநீர் நிலையத்திலிருந்து மணிக்கொரு தரம் போன். அவர்கள் லாரி வாசலில் நின்று ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தது. மறுநாளும் அதற்கு அடுத்த நாளும் விடுமுறை. அத்தான் சாம்பிளைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, பரீட்சை ஜோக்கைக்கூடச் சொல்லாமல் ஓடினார். மேனேஜர் என் வாசலிலேயே வந்து நின்றுகொண்டார்.

சாம்பிள் ஆறக் கால் மணி நேரமாவது வேண்டும். நாலு நிமிடம் ஆகியிருக்கும்.

"என்னம்மா, முகூர்த்தம் பார்க்கறியா?" என்றார் மேனேஜர்.

குடுவையைத் தொட்டுப் பார்த்தேன், கை சுட்டது. நன்றாக ஞாபகம் இருக்கிறது, சுட்டது. இன்னும் ஆறவில்லை சார் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. மிதவையைப் போட்டேன். சிவப்புக் கோடு அழகாகக் கரைசலைத் தொட்டுக்கொண்டு நின்றது. 'சரி' என்று எழுதிக் கொடுத்துவிட்டேன்.

லாரி சூட்டோடு சூடாகக் கரைசலை ஏற்றிக்கொண்டு போனது. அங்கே அதை உடனே தண்ணீரில் கலந்துவிட்டார்கள். கொஞ்சம் கெட்டியாக இருந்தால் அவர்களுக்கு நஷ்டமில்லை, ஊருக்கே தண்ணீர் தெளிந்துவிட்டது. மீதியை எங்கள் சேமிப்புத் தொட்டிக்கு ஏற்றிவிட்டு எல்லோரும் விடுமுறைக்குப் போனோம். மூன்றாம் நாள் காலை பம்பு இழுக்கவில்லை. மூடியைத் திறந்து பார்த்தால் ஆள் உயரத்துக்கு வெள்ளைக் கல். குழாயெல்லாம் அடைத்து, பம்புக்குள்ளும் கல்.

மேனேஜர் அறையில் அத்தானும் நானும் நின்றோம். நான் எழுதிய சீட்டு மேஜை மேல் கிடந்தது. மேனேஜர் அதை எடுத்து என்னை நிமிர்ந்து பார்த்தார். சொல்லிவிடலாம் என்றுதான் வாயைத் திறந்தேன், சத்தியமாகத் திறந்தேன். அத்தான் முந்திக்கொண்டார்.

"சார், சீட்டுல தப்பில்ல. லேப்ல சரின்னு சொன்னதுக்கு அப்புறம் நான் நீராவிக் குழாயை மூட மறந்துட்டேன். கொதிச்சு வத்திருச்சு."

தொட்டிக்கு அடியில் ஒரு நீராவிக் குழாய் உண்டு. குளிர் நாளில், பம்பு ஏற்றி முடிக்கும் வரை கரைசல் ஆறாமல் இருக்க அதைத் திறந்து வைப்பார்கள். மூட மறந்தால் தண்ணீர் ஆவியாகிக் கெட்டிப்படும். நடக்கக்கூடிய தப்புதான். மேனேஜர் நம்பினார். பதினைந்து வருடம் தொட்டியோரம் நின்ற மனிதரை அன்றைக்கே வெளிமுற்றத்துக்கு மாற்றினார், லாரிக்குக் குழாய் மாட்டிவிடும் வேலைக்கு. அதற்கு முன்னால் அந்தக் கல்லைக் கரைப்பதும் அவர் தலையிலேயே விழுந்தது. பதினெட்டு நாள், கடப்பாரையும் கொதிநீர்க் குழாயுமாகத் தொட்டிக்குள் இறங்கி நின்றார். நான் ஜன்னலைச் சாத்திக்கொண்டு வேலை பார்த்தேன்.

இதைவிடக் கேவலமான ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். மேனேஜர் அறையிலிருந்து வெளியே வந்தபோது எனக்கு அழுகை வரவில்லை, நிம்மதிதான் வந்தது. 'நீராவிதான் காரணமாம், அப்போ நம்ம தப்பில்லை' என்று மனசு உடனே அதில் ஒட்டிக்கொண்டது. அன்று சாயங்காலம் வீட்டில் அத்தான் கைகால் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தார். அக்கா அடுக்களையில் இருந்தாள். என்னைப் பார்க்காமல் கேட்டார்.

"அன்னைக்கு சாம்பிள் நல்லா ஆறியிருந்துச்சு இல்ல?"

"ஆறியிருந்துச்சு அத்தான்" என்றேன்.

"சரி" என்றார். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

அக்கா, "ஒருவழியா சக்களத்தி தொலைஞ்சா" என்று சிரித்தாள். சிரித்துவிட்டு, ஓட்டை இல்லாமல் வந்த முதல் சட்டையைத் துவைக்கும்போது அழுதாள். அந்தச் சட்டை ரொம்ப நாள் உழைத்தது. எனக்கு அதைப் பார்க்கவே பிடிக்காது.

இரண்டு வருடம் கழித்துப் புது மேனேஜர் வந்தார். தொட்டிக்கு அத்தானைப் போல ஆள் அமையவில்லை. மேனேஜரே முற்றத்துக்குப் போய், "நீங்க திரும்ப உள்ள வந்துடுங்க" என்று கூப்பிட்டார். எனக்கு உயிர் வந்தது. அத்தான் போகவில்லை. "வெயில் பழகிருச்சு சார்" என்று சொல்லிவிட்டார். அக்கா அன்று ஆடித் தீர்த்துவிட்டாள். "மனுஷன் தானா வந்து கூப்பிட்டா மகாராஜாவுக்கு மவுசு கேக்குதா?" அதற்கும் அவர் அசையவில்லை. ஆனால் மதிய இடைவேளையில் தொட்டிக் கூடத்து வாசல் வரை வருவார். உள்ளே கால் வைக்கமாட்டார். தலையைச் சாய்த்துக் கொதிக்கும் சத்தத்தைக் கேட்டுவிட்டுத் திரும்பிப் போவார். ஜன்னல் வழியாக நான் பார்ப்பேன். இவ்வளவு ஆசை இருக்கிறவர் ஏன் வரமாட்டேன் என்கிறார் என்று எனக்குக் கோபம் கோபமாக வரும்.

இன்னொன்றும் அந்தக் காலத்தில்தான் ஆரம்பித்தது. டீயில் சர்க்கரை போட்டுவிட்டுக் கலக்க ஆரம்பித்தால் நிறுத்தமாட்டார். ஸ்பூன் டம்ளரில் கிணிகிணி என்று சுற்றிக்கொண்டே இருக்கும். அக்கா பிள்ளைகள் எண்ணுவார்கள். "அப்பா, நாப்பத்தெட்டு!" "டம்ளர் தேஞ்சுடப் போகுது அத்தான்" என்று நானும் கிண்டல் செய்வேன். "அடியில தங்கிடக் கூடாதுல்ல" என்பார். டீ ஆறிப் பச்சைத் தண்ணீராகும் வரை கலக்கிவிட்டுத்தான் குடிப்பார். வயசாகிறது என்று நினைத்துக்கொண்டோம்.

அவர் முற்றத்திலேயே வேலை பார்த்து, முற்றத்திலேயே ஓய்வு பெற்றார். நான் லேபிலேயே முப்பத்துநான்கு வருடம் ஓட்டினேன். ஒரு சாம்பிளைக்கூட அதற்கப்புறம் அரைகுறையாக ஆறவிட்டதில்லை. மேனேஜர்கள் வாசலில் நின்று கத்தியிருக்கிறார்கள். "ஆறணும் சார். அவசரம்னா நீங்களே ஊதி ஆத்துங்க" என்று சொல்லியிருக்கிறேன். வாய்க்காரி என்று பெயர் எடுத்தேன். வாய் வந்துவிட்டது, ஆனால் வரவேண்டிய நாளில் வரவில்லை.

போன மாதம் எனக்கு வழியனுப்பு விழா. டீ, பிஸ்கட், ஒரு சுவர்க் கடிகாரம். பழைய பாய்லர்காரர் கைத்தடி ஊன்றிக்கொண்டு வந்திருந்தார். நீராவி எல்லாம் அந்தக் காலத்தில் அவருடைய பாய்லரிலிருந்துதான் வரும். என் பக்கத்தில் உட்கார்ந்து பிஸ்கட்டை டீயில் நனைத்துக்கொண்டே பேசினார்.

"உங்க அத்தான் சுகமாம்மா? மனுஷன் பொய் சொன்னாக்கூட என்னமா சொல்வார்!"

"என்ன பொய்?"

"நீராவியை மூட மறந்துட்டேன்னு சொன்னாரே. மறக்கறதுக்கு நீராவி ஏது? அன்னைக்கு மதியமே பாய்லரை அணைச்சு கழுவப் போட்டுட்டேனே. 'யாரும் கேட்டா மட்டும் சொல்லு, கேக்கலைன்னா சும்மா இரு'ன்னார். யாரும் கேக்கல. நான் சும்மா இருந்துட்டேன்." அவர் கடகடவென்று சிரித்தார். "உங்களுக்குத் தெரியும்னு இல்ல நினைச்சேன்."

அப்புறம் யார் என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. மாலையைக் கழற்றி ஆட்டோவில் போட்டுக்கொண்டு நேரே அக்கா வீட்டுக்குப் போனேன். அக்கா தன் மகள் வீட்டுக்குப் போயிருந்தாள். அத்தான் தனியாக அடுக்களையில் டீ போட்டுக்கொண்டிருந்தார். என் முகத்தைப் பார்த்ததும் இன்னொரு டம்ளர் எடுத்து வைத்தார்.

"என்ன மேடம், மாலை மரியாதையெல்லாம் முடிஞ்சுதா?"

நின்றபடியே சொன்னேன். உட்கார்ந்தால் சொல்லமாட்டேன் என்று தெரியும்.

"அத்தான், அன்னைக்கு சாம்பிள் ஆறல. சூடாத்தான் பார்த்தேன். கை சுட்டுச்சு. தெரிஞ்சேதான் சீட்டு எழுதினேன். நீங்க கேட்டப்பவும் பொய் சொன்னேன்."

அவர் அடுப்பை அணைத்தார். டீயை இரண்டு டம்ளரிலும் ஊற்றினார்.

"ஒரு சாம்பிள் ஆற முப்பத்துமூணு வருஷமா மேடம்?" என்றார்.

சிரிக்கத்தான் சொன்னார். நான் உடைந்து அழுதேன். "எனக்காகத்தானே நீராவின்னு சொன்னீங்க? என் தப்புன்னு தெரிஞ்சுதானே?"

"தெரியலையே" என்றார் அவர். "சந்தேகம்தான். சின்னப் பொண்ணு, வேலை போயிடக் கூடாதேன்னு முதல்ல ஒண்ணைச் சொல்லி வெச்சேன். அப்புறம் வீட்டுல உன்கிட்ட கேட்டேன். ஆறியிருந்துச்சுன்னு சொன்னே."

"பொய் சொன்னேன் அத்தான்."

"நான் நம்பிட்டேன். நீ ஆறவெச்சுப் பார்த்தது நிஜம்னா, தப்பு வேற எங்க இருக்கும்? என்கிட்டதான். அன்னைக்கு லாரிக்காரன் ஹாரன் அடிச்சுட்டே இருந்தான். இருபது நிமிஷம் கலக்கினேனா, இல்ல விட்ட தண்ணி மேலாப்புல நிக்கும்போதே மொண்டுட்டு வந்துட்டேனா? அந்தத் தண்ணி சாம்பிள்ல மிதவை பதம்னுதானே காட்டும். யோசிச்சு யோசிச்சுப் பார்த்தேன், ஞாபகமே வரல." தன் வலது கையை மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டார். "சரியா கலக்கத் தெரியாத கையை வெச்சுட்டு எப்படித் திரும்பித் தொட்டிகிட்ட போறது? அதான் புது மேனேஜர் வந்து கூப்பிட்டப்பக்கூடப் போகல."

நான் நினைத்துக்கொண்டிருந்தது அவருடைய வேலையை மட்டும் பறித்துவிட்டேன் என்று.

காலில் விழப் போனேன். "எழுந்திரு, மூக்குக்கண்ணாடி உடைஞ்சுடப் போகுது" என்று தோளைப் பிடித்து உட்கார வைத்தார். பிறகு, பழைய நாட்களில் அரைக்கதவருகே நின்று கேட்பாரே, அதே குரலில் கேட்டார்.

"கோடு எங்க நின்னுச்சு?"

"கரைசலைத் தொட்டுட்டு நின்னுச்சு."

"சூட்டுல?"

"சூட்டுல."

"அப்போ ஆறினா மேல தூக்கியிருக்கும். இன்னும் தண்ணி கேட்டிருக்கும்." தலையை ஆட்டினார். அவர் முகத்தில் கோபத்தைத் தேடினேன். இல்லை. அந்தக் கணக்கு முடிந்த முகம்தான் இருந்தது. "அப்போ நான் ஒழுங்காத்தான் கலக்கியிருக்கேன்."

"ஒழுங்காத்தான் கலக்கினீங்க அத்தான்."

சர்க்கரை டப்பாவை நகர்த்தி இரண்டு ஸ்பூன் போட்டுக்கொண்டார். நான் என் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தேன். அவர் இரண்டு சுற்றுச் சுற்றினார். ஸ்பூனை எடுத்துத் தட்டில் வைத்தார். சூடாகவே குடித்தார்.